கடைப் பலகையில் எடுத்த பெயர்

பாரிஸ், 1847 அக்டோபர் 12

மழை. என் தொடர்கதையின் இன்றைய அத்தியாயம் பத்திரிகைக்குப் போய்விட்டது. கதையில் கையுறை தைக்கும் ஓர்தான்ஸ் பெலிவ் இருமத் தொடங்கிவிட்டாள். பெயர் நானாகக் கட்டியதல்ல. வழக்கம்போல் தெருத்தெருவாய் அலைந்து ஒரு கடைப் பலகையில் எடுத்தது. எங்கள் கட்டடத்து வாசல்காரி மதாம் குசே கேட்டாள்: "பாவம், அந்தப் பொண்ணையும் கொன்னுடப் போறீங்களா?" சிரித்து மழுப்பினேன்.

அக்டோபர் 15

பக்கத்து அறையில் இருமல். என் மனைவி சிடோனி இருமுவது போலவே. அவள் செத்து ஆறு வருஷம். எட்டிப் பார்த்தேன். காலி.

அக்டோபர் 19

பெயருக்குச் சொந்தக்காரியே வந்து நின்றாள். கதையில் இருபது வயது, இவளுக்கு ஐம்பது இருக்கும்.

"ஐயா, சனிக்கிழமை வர்ற கதையில எனக்கு என்ன ஆவுது?"

"அது வெறும் கதைம்மா."

"நீங்க எழுதினீங்க, எனக்கு இருமல் வந்துச்சு. கடைக்கு வர்றவங்க என்னைப் பொணத்தைப் பாக்கற மாதிரி பாக்குறாங்க. என்னை விட்டுருங்கய்யா."

அவள் சாகும் அத்தியாயம் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது; "பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பி வைத்தேன்.

அக்டோபர் 20

அந்த அத்தியாயத்தை நிறுத்தச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் லுகாரிடம் கெஞ்சினேன். "என்னய்யா விளையாடுறீரா? சனிக்கிழமை சாவுன்னு ஊரே காத்துக் கிடக்கு. அவ இல்லேன்னா வேற யாரையாவது கொல்லும். நாளைக்குள்ள கொண்டாரும்" என்றார்.

யாரை? எந்தப் பெயரை வைத்தாலும் எவளோ ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாள். இனிமேல் சாக முடியாதவள் பெயர் வேண்டும்.

அக்டோபர் 21

ஓர்தான்ஸுக்கு ஒரு அக்காள் உண்டு. கதையில் இத்தனை நாளாய்ப் பெயரில்லாமல் ஒரு மூலையில் படுத்திருந்தவள். சனிக்கிழமைச் சாவை அவளுக்கு மாற்றி, சிடோனி என்று பெயர் வைத்தேன்.

என் சிடோனி செத்த அன்று நான் எங்கே இருந்தேன்? அச்சகத்தில், பிழை திருத்திக்கொண்டு. ஆள் வந்து கூப்பிட்டான். "இந்தப் பக்கம் முடியட்டும்"னேன். கடைசிவரைக்கும் என்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாளாம். சே, நான் என்ன மனுஷன்?

கதையில் புருஷனை அவள் கட்டிலருகே உட்கார வைத்தேன். மூச்சு நிற்கும்வரை அவன் அவள் கையை விடவில்லை.

அக்டோபர் 23

பத்திரிகை வந்துவிட்டது. வாசல்காரியின் கண்கள் வீங்கியிருந்தன. அன்று அச்சகத்துக்கு ஆள் அனுப்பியவளே இவள்தான். சாவியைக் கொடுத்தபடி சொன்னாள்:

"கதையிலயாவது பக்கத்துல உக்காந்தீங்களே."

பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 2, இறந்தோர் நாள்

ஓர்தான்ஸ் பெலிவ் ஒரு ஜோடி கையுறை அனுப்பியிருக்கிறாள். இருமல் நின்றுவிட்டதாம். கையுறையைப் போட்டுக்கொண்டு சிடோனியின் கல்லறைக்குப் போனேன். ஆறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கல்லைத் தொடக் குனிந்தபோது கையுறையைக் கழற்றிவிட்டேன்.

பக்கத்து அறையிலும் இருமல் நின்றுவிட்டது. பத்து நாளாயிற்று. அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.