நான்கடிச் சுவரும் ஒன்றரை சென்டிமீட்டர் கஸ்தூரியும்

இன்று காலை எங்கள் கட்டடக்கலைக் கல்லூரியில் ஜூரி, மாணவர்கள் தங்கள் டிசைனை நடுவர்கள் முன் வைத்து விளக்கும் நாள். ஒரு மாணவி ஓடிவந்து என்னிடம் அட்டை வெட்ட பிளேடு கேட்டாள். கைப்பையில் துழாவியபோது பிளேடுக்குப் பதில் அந்தச் சிவப்பு மோதிரப் பெட்டி வெளியே வந்து விழுந்தது. பாண்டி பஜார் நகைக்கடைப் பெட்டி. மூடியில் பொன்னிற எழுத்துகள் தேய்ந்து, கடையின் பெயரில் ஓர் எழுத்துதான் மிச்சம்.

"மோதிரமா மேடம்?" அவள் கண்கள் விரிந்தன. ஐம்பதை நெருங்குகிற, யாரோடும் அதிகம் பேசாத, மதிப்பெண் போடுவதில் கஞ்சத்தனத்துக்குப் பெயர்போன ஓர் ஆசிரியையின் பையில் மோதிரப் பெட்டி. மதியத்துக்குள் கல்லூரி முழுக்கப் பரவியிருக்கும். அதைத் தவிர்க்கவே திறந்து காட்டினேன். உள்ளே வெல்வெட்டின் மேல் அட்டையில் வெட்டிய மனிதர்கள், ஒவ்வொருவரும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம்.

"யாரு மேடம் செஞ்சது?"

"என் ஃப்ரெண்ட்."

அதற்குமேல் சொல்ல வரவில்லை. ஆகவே உனக்கு எழுதுகிறேன். போய்விட்டவர்களுக்கு எழுதினால் அது சேரும் என்று நம்புகிறவள் நான் இல்லை. ஆனால் நீ இருந்தபோதும் நான் எழுதியதை நீ முழுசாகப் படித்ததே இல்லை. "பத்தி பத்தியா எழுதாதடீ, படம் போடு" என்பாய். அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இருக்கப்போவதில்லை.

மூன்றாம் ஆண்டில் நம்மைச் சேர்த்துவைத்தது வருகைப் பதிவேடு. என் பெயருக்கு அடுத்த பெயர் உன்னுடையது, அவ்வளவுதான். அந்த ஆண்டு டிசைன் வேலையை இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டும் என்றார்கள். வகுப்பில் முதலாக வருபவள் நான். நீயோ முந்தின ஆண்டு டிசைனில் தோற்று, அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருப்பவள். எனக்கு வந்த கோபத்தை மறைத்துக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். பல ஆண்டுகள் கழித்து, "உன் மூஞ்சி அன்னிக்குக் கசாயம் குடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தாய்.

முதல் நாளே கேன்டீனில் வைத்து, ஏதோ சினிமாக் கதை சொல்வதுபோல உன் நிலவரத்தைச் சொன்னாய். தி.நகரில் உன் அப்பாவுக்குப் புடவைக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து காலூன்றியவர். இந்த முறையும் டிசைன் போனால் படிப்பை நிறுத்திவிட்டு நேராகக் கடைக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. "ஜூரி அன்னிக்கு அவரே வரப் போறாரு. தோத்தா அப்படியே வண்டியில ஏத்திக்கிட்டுப் போறதுக்கு" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் வடையைத் தொடவே இல்லை.

கொடுத்த தலைப்பு, மக்கள் கூடவும் பொழுதுபோக்கவும் ஒரு நிலையம். இடம், கடற்கரையில் மீனவர்கள் வாழும் நொச்சிக்குப்பத்தை ஒட்டி ஒரு வெற்று மணல்மேடு. நான் அளவு நாடாவோடு போனேன். நீ ஒரு குடையோடு வந்து, கவிழ்த்துக் கிடந்த படகின் நிழலில் உட்கார்ந்தாய். மூன்று முறை போனோம். மூன்று முறையும் அளந்தவள் நான், வேடிக்கை பார்த்தவள் நீ.

"நீ என்ன செய்யறே?"

"யாரு எங்க உக்கார்றாங்கன்னு பாக்கறேன்."

"அதைப் பாத்து?"

"எங்க உக்கார முடியலைன்னு தெரிஞ்சுக்கறேன்."

இப்படியெல்லாம் பேசுகிறவர்கள்தான் தோற்றுப்போகிறார்கள் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் முறை போனபோதுதான் கஸ்தூரி நம்மைப் பிடித்தாள். சாலையோரம் மீன் விற்கிறவள். கரையிலிருந்து தலையில் அலுமினியக் கூடையோடு வந்தவள், நாடாவும் கையுமாக நின்ற என்னைப் பார்த்துக் கத்தினாள். "இந்தாம்மா, இன்னா சும்மா பாத்துகினு நிக்கிற? அந்த டேப்ப அப்பால போட்டுட்டு ஒரு கை புடி!"

கூடையை இறக்க ஒரு பக்கம் நானும் மறுபக்கம் நீயும் பிடித்தோம். மீன் தண்ணீர் என் தோளிலிருந்து முழங்கைவரை வழிந்தது. நான் உறைந்துபோய் நின்றதைப் பார்த்துக் கஸ்தூரிக்கு ஒரே சிரிப்பு. "சென்ட்டு அட்ச்சா மாரி கீது. வூட்ல போய் குளிச்சிக்க."

"ஏன்க்கா, தினமும் யாராச்சும் இறக்கி வுடணுமா?" என்று நீ கேட்டாய்.

"பின்ன? ஏத்திக்கினு வரசொல்ல ஒரு ஆளு, எறக்கசொல்ல ஒரு ஆளு. ஆளு இல்லினா கூவிகினே நிக்கணும். கய்த்து புட்ச்சிக்கும்."

பஸ்ஸில் திரும்பும்போது யாரும் நம் பக்கத்தில் உட்காரவில்லை. அந்த வசதியில்தான் உன் ஸ்டூல் சித்தாந்தத்தை எனக்கு விளக்கினாய். "எங்க கடையில புடவை எடுக்கறவங்க ஒருத்தங்க. கூட வர்றவங்க நாலு பேரு. அந்த நாலு பேருக்கு ஸ்டூல் போடலைன்னா, 'போலாமா, போலாமா'ன்னு நச்சரிச்சு அந்த ஒருத்தங்களையும் கிளப்பிடுவாங்க. நீ போட்டிருக்கற பிளான்ல கேரம் ஆடறவனுக்கு ரூம் இருக்கு, புஸ்தகம் படிக்கறவங்களுக்கு ரூம் இருக்கு. அவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கறவங்க எங்கடீ?"

"கட்டடக்கலை புடவைக் கடை இல்லை" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்றிரவே பிளானில் மணலைப் பார்த்தபடி ஒரு நீண்ட சுவரைச் சேர்த்தேன். இரண்டடி உயரம். காத்திருப்பவர்கள் உட்கார. அதை உனக்காகச் சேர்த்தேன் என்று நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

மாடலை நூறில் ஒரு பங்காகச் செய்தோம். சுவர் வெட்டுவது என் வேலை, மனிதர்கள் வெட்டுவது உன் வேலை. மற்ற ஜோடிகளெல்லாம் ஒரே அச்சில் பத்துப் பேரை வெட்டி ஒட்டினார்கள். நீயோ குப்பத்தில் பார்த்தவர்களை ஒவ்வொருவராக வெட்டினாய். வலை பின்னுகிறவர், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், எப்போதும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே பேசும் ஒருவர், தலையில் கூடையோடு கஸ்தூரி. பாதத்தை மடித்து ஒவ்வொருவரையும் மேசைமேல் நிற்க வைத்துப் பார்ப்பாய், பிறகு ஒரு பழைய மோதிரப் பெட்டியில் போட்டு வைப்பாய். கடைசியாக, தோளில் வரைபடக் குழலோடு விறைப்பாக ஓர் உருவம்.

"இது யாரு?"

"நீதான்."

"நான் ஏன் நிக்கறேன்?"

"நீ எங்கடீ உக்காருவே? டேப்பைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சந்தேகப்பட்டுக்கிட்டே நிப்பே."

ஜூரி அன்று காலை உன் அப்பா சொன்னபடியே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. அறைக்கு வெளியே வராந்தாவில் உட்கார ஓர் இடம் இல்லாமல், படிக்கட்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். "பாத்தியா?" என்று என் காதில் சொன்னாய். "கட்டடம் கட்டச் சொல்லித் தர்ற காலேஜ். காத்திருக்கறவங்களுக்கு ஒரு பெஞ்சு இல்லை."

வெளியிலிருந்து வந்திருந்த நடுவர் நம் மாடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். என் நீண்ட சுவரின் மேல் பென்சிலை வைத்தார்.

"இது எதுக்கு? உக்கார்றதுக்கா, ஒளிஞ்சுக்கறதுக்கா?"

குனிந்து பார்த்தேன். நம் முக்கோண ஸ்கேலின் மூன்று முகத்திலுமாக ஆறு பக்கம், நூறில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என்று பக்கத்துக்கு ஓர் அளவு. நூறின் பக்கத்தில் படிக்க வேண்டியதை ஐம்பதின் பக்கத்தில் படித்து வெட்டியிருந்தேன். என் இரண்டடிச் சுவர் நான்கடியாக எழும்பி நின்றது. முதல் மாணவி செய்கிற தப்பில்லை அது. முதலாண்டு மாணவி செய்கிற தப்பு. அந்தத் தப்பில் போகப்போவது என் மதிப்பெண் அல்ல, உன் படிப்பு.

"சார், அது என் தப்பு. ஸ்கேல்ல பக்கம் மாறிப் படிச்சுட்டேன். இவங்களுக்குச் சம்பந்தமில்லை."

அவர் உன் பக்கம் திரும்பினார். "நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். இப்பத்தான்."

யாரோ சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. மாடலையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மோதிரப் பெட்டியைத் திறந்து, கஸ்தூரியை இரண்டு விரல்களால் எடுத்து, என் தப்புச் சுவரின் அருகே நிறுத்தினாய்.

"இவங்க பேரு கஸ்தூரி சார். மீன் விக்கறாங்க. தலையில இருக்கற கூடையைத் தானா இறக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டுக்கிட்டு நிக்கணும். நாங்க வரைஞ்ச ரெண்டடிச் சுவர்ல இவங்க உக்காரலாம். ஆனா கூடையை யாரு இறக்குவா?" கஸ்தூரியை லேசாகச் சாய்த்தாய். கூடையின் விளிம்பு சுவரின் மேல் போய் உட்கார்ந்தது. "இந்தச் சுவர்னா, முட்டியைக் கொஞ்சம் மடக்கினாப் போதும். யாரையும் கூப்பிட வேணாம்."

அவர் குனிந்து, கஸ்தூரியின் கூடையைப் பென்சில் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ உக்கார்றதுக்கு?"

"பாதி நாலடி, பாதி ரெண்டடி சார். இவ கையில பிளேடு இருக்கு. இப்பவே வெட்டிடுவா."

இந்தத் தடவை அவரே சிரித்துவிட்டார். வெட்டினேன். அவசரத்தில் விளிம்பு கோணலாகப் போயிற்று. நான் வெட்டியதிலேயே மோசமான சுவர் அதுதான்.

அந்த ஒரு பதிலால்தான் நீ தேறினாய் என்று நான் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் பிளானும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாலை பட்டியல் ஒட்டியபோது, என் பெயரைப் பார்க்காமல் அடுத்த பெயரை முதலில் தேடினேன். அதை நீ பார்த்துவிட்டாய்.

படிக்கட்டில் உன் அப்பா எழுந்து நின்றார். "என்னட்டி ஆச்சு?"

"பாஸாயிட்டேம்ப்பா."

செய்தித்தாளை மெதுவாக நான்காக மடித்தார். "சரி. கடையில ஸ்டூல எல்லாம் மாத்திப் போடணும்னு சொன்னேல்லா, ஒரு நாள் வந்து பாரு" என்றார். மஞ்சள் பையிலிருந்து அல்வாப் பொட்டலம் வந்தது. தோற்றிருந்தாலும் அது வந்திருக்குமா என்று நான் கேட்டேன். நீ வாய் நிறைய அல்வாவோடு, "சந்தேகப்படாம தின்னுடீ" என்றாய்.

படிப்பை முடித்தாய், பெட்டியை என்னிடம் விட்டுவிட்டு. சில வருடங்கள் வேலை பார்த்தாய். பிறகு ஒரு நாள் நீயாகவே கடைக்குப் போனாய். எனக்குக் கோபம். நீயோ கடையின் மூன்று மாடியையும் கலைத்துப் போட்டு, கணவர்களுக்கு மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு வரிசை, வயதானவர்களுக்குப் படியருகே கைப்பிடி வைத்த நாற்காலி, தூங்கிப்போகிற குழந்தைகளுக்கு ஒரு மெத்தைத் திண்டு என்று போட்டுவிட்டு, "என்னோட பொழுதுபோக்கு நிலையம் எப்படி?" என்று கேட்டாய். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்த பிறகு என் கோபம் போய்விட்டது. உன்னிடம் சொல்லவில்லை.

நான் அடையாறில் ஒரு சின்னப் பூங்கா வரைந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதில் காரணம் சொல்லாமல் ஒரு நான்கடிச் சுவர் வைத்தேன். இப்போது அங்கே தலைக்கூடை யாரும் கொண்டுவருவதில்லை. சாப்பாடு கொண்டுபோகிற பையன்களும் பெண்களும் முதுகுப் பையின் கனத்தை அந்தச் சுவர்மேல் சாய்த்துவிட்டுப் போன் பார்க்கிறார்கள். பையைக் கழற்றுவதில்லை. முட்டியைக் கொஞ்சம் மடக்குகிறார்கள், அவ்வளவுதான்.

போன வருடம் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது, மெலிந்த கையை நீட்டி அந்தப் பெட்டியைக் கேட்டாய். "கஸ்தூரிக்கு ஒரு கை போச்சே" என்று வருத்தப்பட்டாய். நான் காப்பி போட எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பெட்டி மூடியிருந்தது. நீ ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாய். நீ அப்படி இருந்தால் ஏதோ செய்துவிட்டாய் என்று அர்த்தம். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

இன்று அந்த மாணவியின் வேலை, வேளச்சேரியில் ஏரியோரம் ஒரு சமூகக் கூடம். திரையில் அவள் காட்டிய படத்தில், நீண்ட கால்களோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் நாயைப் பிடித்துக்கொண்டு வேளச்சேரியில் ஓடிக்கொண்டிருந்தாள். வரைபட மென்பொருளோடு இலவசமாக வருகிற ஆட்கள். நான் கஸ்தூரியை எடுத்து அவள் மாடலில் வைத்து, "இவங்க எங்கம்மா உக்காருவாங்க?" என்று கேட்டேன். அந்தப் பெண் பென்சிலை எடுத்தாள். நல்ல அறிகுறி.

அவள் வரையும்வரை என்னையும் வைத்துப் பார்க்கலாம் என்று குழலோடு நிற்கும் உருவத்தை எடுத்து நிறுத்தினேன். விழுந்தது. மறுபடி நிறுத்தினேன். மறுபடி விழுந்தது.

"மேடம், அது நிக்கற ஆள் இல்லை மேடம். உக்கார்ற ஆள்."

வாங்கிப் பார்த்தேன். இடுப்பில் ஒரு மடிப்பு. முழங்காலில் ஒரு மடிப்பு. நகத்தால் அழுத்தி அழுத்திச் செய்தது.

அவள் அதை எடுத்துத் தன் மாடலில் ஒரு பெஞ்சின்மேல் வைத்தாள். விழவில்லை. ஜூரியில் நான் நின்றுகொண்டேதான் மதிப்பெண் போடுவேன் என்பது கல்லூரிக்கே தெரியும். இன்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் பயந்துபோனாள்.

பெட்டி என் பையிலேயே இருக்கிறது. நாளை கஸ்தூரிக்குப் புதுக் கை ஒன்று வெட்டி ஒட்ட வேண்டும், ஸ்கேலின் சரியான பக்கத்தைப் பார்த்து. என்னை மட்டும் நிமிர்த்தப் போவதில்லை.