நர்ஸ் கடைசியில் சொன்னது

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

அண்ணி சௌக்கியமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாம் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. வாயால் சொன்னால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் நர்ஸ் நாடகத்தைக் கைப்பேசியில் விளையாடும் கதையாக மாற்றி வெளியிட்டிருக்கிறேன். டாக்டர் செய்த தவறுக்குப் பழி சுமந்து, கடைசிக் காட்சியில் அவள் வாய் திறக்காமல் வெளியேறுவாளே, அந்த இடத்தில் கதையை நிறுத்தி, ‘நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?’ என்று கேட்டேன். மூன்று வாரத்தில் ஒன்பதாயிரம் பேர் எழுதிவிட்டார்கள்.

கேட்காமல் செய்தது தப்புதான். கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய்.

உன் தங்கை

மார்ச் 15

தங்கைக்கு,

அண்ணி சௌக்கியம். முழங்கால் அப்படியேதான்.

அந்த மௌனத்தை எழுத எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பஸ்ஸில் போகிறவன் கட்டைவிரலால் அதைக் கலைத்துவிட்டு இறங்கிப் போகிறான். பார்க்க வந்தவர்களே எழுத ஆரம்பித்தால் நான் எதற்கு? உடனே எடுத்துவிடு.

அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

எடுத்துவிட்டேன். வந்தவற்றில் நானூறை அச்செடுத்து இத்துடன் அனுப்புகிறேன். கிண்டலும் வசவும் கலந்தே இருக்கும். பச்சைக் கோடு போட்டவை நிஜமான நர்ஸுகள் எழுதியவை. குப்பையில் போடுவதானால் ஒன்றையாவது படித்துவிட்டுப் போடு.

தங்கை

மே 11

என் அருமைத் தங்கைக்கு,

நாலு நாள் அந்தக் காகிதக் கட்டை நான் தொடவில்லை. ஐந்தாம் நாள் அண்ணி சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். “இதக் கேளுங்க. ‘என் கையெழுத்தே இல்லாத மருந்துச் சீட்டுக்கு நான் ஏன் தலை குனியணும்?’ நீங்க இப்படி ஒரு வரி எழுதியிருக்கீங்களா?”

எழுதியதில்லை. நானூறையும் படித்தேன்.

நேற்று நாடகத்தை மறுபடி மேடையேற்றினோம். கடைசிக் காட்சியில் அரங்க விளக்குகளைப் போடச் சொல்லிவிட்டு, “எல்லாரும் போனை வெளிய எடுங்க” என்றேன். முப்பது வருடமாக அணைக்கச் சொன்னவன் நான், ஒருவரும் நம்பவில்லை. அவர்கள் எழுதுவது திரையில் வரும், அதில் ஒன்றை நடிகை பேசுவாள் என்று ஏற்பாடு.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். “எனக்கு இதுல எழுத வராது. வாயால சொல்லலாமா?”

“சொல்லுங்கம்மா” என்றாள் நடிகை.

“மருந்து எழுதினது நீங்க, டாக்டர். பதினேழு வருஷமா தூங்காம இருக்கிறது நான். இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

நடிகை திரையைப் பார்க்கவேயில்லை. டாக்டர் வேஷக்காரரிடம் திரும்பி, ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னாள்.

அரங்கமே எழுந்து அந்த அம்மாவைப் பார்த்துக் கைதட்டியது. அப்படி ஒரு கைதட்டலை என் ஆயுளில் கேட்டதில்லை. ஒன்றுகூட எனக்கானதில்லை, ஆனாலும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உன் கதையை மறுபடி வெளியிடு. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. புதுச் சுவரொட்டியில் ‘எழுத்து’ என்ற இடத்தில் உன் பெயரும் என் பெயரும் வருகின்றன. ‘பார்வையாளர்கள்’ என்றும் சேர்க்க வேண்டும் என்றாள் அண்ணி. இடம் போதாது என்றார் அச்சகக்காரர். என் பெயரைச் சின்னதாக்கச் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்