பம்பரமும் தாடியும்

பிப்ரவரி 4

மாடியில் தொப்பென்று சத்தம். தண்ணீர்த் தொட்டியின் மூடிதான் விழுந்தது என்று மிஷினை நிறுத்தாமல் தைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இவர் இரண்டு கைகளையும் குவித்துப் பிடித்தபடி இறங்கி வந்தார். கைக்குள் பம்பரம். இடது இறக்கை தொங்கிக் கிடந்தது.

இவருடைய கர்ணப்புறாக்களில் பெரிய கெட்டிக்காரி அவள்தான். பறந்துகொண்டே இருப்பாள், திடீரென்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட ஆரம்பிப்பாள், உருண்டு உருண்டு கீழே வந்து கூரைக்கு மேல் எப்படியோ நிமிர்ந்துவிடுவாள். இன்று நிமிரவில்லை.

"பிரேக் பிடிக்கலை," என்றார். லிஃப்ட் மெக்கானிக் வேறு எப்படிச் சொல்வார்?

பழைய சட்டைக் கையை வெட்டி, இறக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டினேன். துணிக்கு என்னிடம் பஞ்சமா?

பிப்ரவரி 6

தாடி என்கிற ஆண்புறாவும் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை மேல். கால் முறிவு. இவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 7

இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் போனோம். அந்தம்மா சுற்றி வளைக்கவில்லை.

"இது விபத்து இல்லம்மா. உருள ஆரம்பிச்சா இதுங்களுக்கு நிறுத்தத் தெரியலை. பரம்பரையா வர்றது. ரெண்டும் பிழைச்சுக்கும். ஆனா பறக்க விடாதீங்க, குஞ்சும் எடுக்காதீங்க. முட்டை போட்டா அவிச்சு, ஆறவச்சு, திரும்ப வச்சிடுங்க. சும்மா எடுத்தா மறுபடி மறுபடி போட்டே ஓஞ்சு போயிடும்."

இவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாட்டுப் பல் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

பிப்ரவரி 11

வெல்டர் வந்திருந்தார். இவருடைய கூட்டாளி, அவரும் புறா விடுகிறவர். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "விழுந்ததை வச்சு என்ன பண்ணப் போறீங்க அண்ணி? கழுத்தைத் திருகினா ஒரு நிமிஷ வேலை. உங்களுக்கு மனசு வரலேன்னா நான் பண்ணித் தர்றேன்," என்றார். பட்டன் தைத்துத் தருகிறேன் என்று நான் சொல்வேனே, அதே குரலில். மனுஷர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம்.

இவர் ஒரே போடாகப் போட்டார்: "திருகறதாவது. ரெண்டையும் ஜோடி சேர்க்கப் போறேன். இதுங்க குஞ்சு அடிக்கிற கர்ணத்துக்கு எவன் புறா பக்கத்துல வரும்? அடுத்த போட்டியில பாரு."

ஒருவர் கொல்லச் சொல்கிறார். இன்னொருவர், விழுந்ததற்கே பிறந்து அதுவும் விழட்டும் என்கிறார். சும்மா இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல ஒருத்தர்கூட இல்லை. நானாவது சொன்னேனா? டீ கொடுத்தேன்.

பிப்ரவரி 20

பம்பரம் தையல் அறையிலேயே இருக்கிறாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் தலையைச் சாய்க்கிறாள். புறா என்றாலே எச்சமும் இறகும்தான் என்று இத்தனை வருஷம் கரித்துக்கொட்டினவள் நான். இப்போது தைக்கிற வேலையை விட்டுவிட்டு அவளிடம் பேச்சு வேறு. பிடித்துப்போய்விட்டது, என்ன செய்ய?

மார்ச் 1

கட்டுப் பிரித்தாயிற்று. இறக்கை கோணலாகத்தான் கூடியிருக்கிறது. தாடி நொண்டி நொண்டி நடக்கிறான். இவர் இரண்டையும் மாடியில், அடுக்கின் கீழ்க்கூண்டில் ஒன்றாக விட்டார்.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"நீ தைக்கிறதுல நான் தலையிடறேனா?"

போச்சு. அதற்கு மேல் பேசினால் இரண்டு நாளைக்கு முகம் தூக்கி வைத்துக்கொள்வார்.

மார்ச் 14

முட்டை. முந்தாநாள் ஒன்று, இன்று ஒன்று. இவர் அதற்குள் குஞ்சுக்குப் பேர் யோசிக்கிறார். மேலே பொடியன் பறந்துகொண்டிருந்தான். பம்பரத்தின் போன வருஷத்துக் குஞ்சு, இப்போதுதான் கர்ணம் அடிக்கப் பழகுகிறான். "அம்மாவை மிஞ்சிடுவான்," என்று இவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். நான் மேலே பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 15

பொடியன் போய்விட்டான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே. உருண்டுகொண்டே வந்தான், நிற்கவே இல்லை. இவர் ஓடிப்போய் எடுத்தார், கையிலேயே உயிர் அடங்கிவிட்டது.

"காத்து," என்றார்.

ஏதுங்க காத்து? கொடியில ஒரு துணி அசையலை. கத்தணும் போல இருந்துச்சு. ஈரத்துணியைப் பிழிஞ்சுக்கிட்டு நின்னேன்.

பெரிய பூந்தொட்டியில் புதைத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். என்ன மனுஷன் இவர்?

மார்ச் 16

பால் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புக்கோடு. கேட்டால், ஷேவ் செய்ய வெந்நீர் போட்டாராம். அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியுமா இவருக்கு?

மார்ச் 17

டாக்டர் சொன்னபடி முட்டைகளை அவித்து வைத்துவிட வேண்டியதுதான். இவரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் சண்டை. சொல்லாமல் செய்தால் திருட்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சின்னச் சின்னப் பொய் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன் — புடவை விலை, அவர் அக்காவின் போன். இது அந்த வகை இல்லை. தினமும் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துக் காத்திருப்பார், வராத குஞ்சுக்காக. நான் தெரிந்துகொண்டே பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆனால் இன்னொரு பொடியனை என்னால் பார்க்க முடியாது. முடியவே முடியாது.

மார்ச் 18

இவர் வேலைக்குக் கிளம்பியதும் மாடிக்குப் போனேன். பம்பரம் கையைக் கொத்தினாள். கொத்தட்டும். இரண்டு முட்டைகளையும் முந்தானையில் பொதிந்துகொண்டு இறங்கினேன். நடுப்படியில் ஒன்று நழுவிவிட்டது.

ஐயோ என்று குனிந்தேன். உடைந்து ஒழுகவில்லை. ஓடு ஒரு பக்கம் நசுங்கி, உள்ளே வெள்ளையாகக் கெட்டியாக இருந்தது.

அவித்த முட்டை.

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெந்நீர். ஷேவ். மாட்டுப் பல் படம் பார்த்த மனுஷன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். அழுகை வந்தது. பொடியனுக்காகவா, இவருக்காகவா, தெரியவில்லை.

நசுங்கிய பக்கம் அடியில் இருக்கும்படி இரண்டையும் திரும்ப வைத்தேன். பம்பரம் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 29

இன்று ஞாயிறு. டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பறக்கும் புறாக்களை இவர் இன்னும் திறந்துவிடவில்லை. கீழ்க்கூண்டில் தலையை விட்டிருந்தார்.

"அடைக்கு உட்கார மாட்டேங்குது. ரெண்டும் கூமுட்டை போல," என்றார்.

"இருக்கும். வெயில் அப்படி."

"ஒண்ணு நசுங்கியிருக்கு."

நான் டம்ளரை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாடிப்படி வழுக்குது," என்றார். "பார்த்து இறங்கு."

பிறகு ஸ்குரூடிரைவரை எடுத்து, அவை இரண்டும் உட்காரும் கம்பை மேலிருந்து கழற்றித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்ட ஆரம்பித்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். மாட்டி முடித்ததும் பம்பரம் தத்தி ஏறிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தானே இறங்கினாள்.