ரோசா என்று கைதட்டினார்கள்

அக்கா, உங்கள் கொப்பி சமையலறை அலுமாரியில் பாஸ்தா பைக்கற்றுகளுக்கு அடியில் கிடந்தது. திறந்தால் இன்னும் உள்ளி மணக்கிறது. எட்டுப் பக்கம் முழுக்க ஒரு ஜேர்மன் பாட்டு, தமிழ் எழுத்தில். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் நீங்கள் எழுதியது. பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்தான்.

லிபெர்த்தா வீதியில் முதலாளியம்மா சின்யோராவின் வீட்டில் நீங்கள் வேலை செய்த காலம் முழுக்க அந்தப் பாட்டு வந்த படத்தின் கதைதானே. சின்யோராவின் தாய் ஜேர்மன்காரி. பேசும் படம் வந்த புதிதில் ஒரு காதல் பகிடிப் படத்தில் பாடி நடித்தவர். தொப்பிக்கடைப் பெண் ஒருத்தி, லிப்ட் இயக்குகிறவனைப் பெரிய பிரபு என்று நம்பிக் காதலிக்கிற கதை. "சண்டை பிடிச்சாலும் பாட்டு, சூப் கொட்டுண்டாலும் பாட்டு" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். தாயின் பாட்டைச் சின்யோரா நாள் முழுக்கப் பாட, வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டு எழுதினீர்கள். பிறகு சின்யோராவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. உங்களுக்கு மறக்கவில்லை.

படத்தின் பழைய பிரதி கிடைத்தபோது, அந்தப் பாட்டு வரும் இடத்தில் ஒலி அழிந்திருந்தது. படத்தைத் திருத்திப் புதுப்பிக்கிறவர்கள் வீடு தேடி வந்தார்கள். சின்யோராவுக்கு ஒரு வரியும் வரவில்லை. நீங்கள் ஏப்ரனோடு நின்று முழுப்பாட்டையும் பாடினீர்கள். பதிந்துகொண்டு போனார்கள்.

"பேர் போடுவினமோ அக்கா?" என்று கேட்டேன்.

"போடாமல் என்னடி செய்வினம்? நான்தானே பாடினனான்."

அந்த நம்பிக்கையை நினைத்தால் வயிறு எரிகிறது. படம் திருத்தி முடியமுன் நோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. உங்கள் வேலைக்கு நான் வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்து மண்டபத்தில் படம் போட்டார்கள். சின்யோராவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நானும் போனேன். கடைசியில் நன்றிப் பட்டியல் ஓடியது. பூக்கொடுத்த கடைக்குக்கூடப் பெயர் இருந்தது. உங்களுக்கு, 'வீட்டுப் பணிப்பெண் ரோசா.'

ரோசாவாம். அது அந்த வீட்டில் முதலில் வேலை செய்த சிசிலிப் பெண்ணின் பெயர். அவளுக்குப் பிறகு வந்த மொரிசியஸ்காரியும் ரோசா, நீங்களும் ரோசா, இப்போது நானும் ரோசா. புதுப் பெயர் பழக அவர்களுக்குப் பஞ்சி. "பெர்மெசோவிலை என்ரை பேர் சரியாக் கிடக்கு, அது காணும்" என்று வதிவிட அனுமதி அட்டையைக் காட்டி நீங்களும் விட்டுவிட்டீர்கள். அதிலும் எனக்குக் கோபம்தான், அக்கா.

பிறகு சின்யோராவின் மகன் மேடையேறி, "பாட்டைக் காப்பாற்றிய எங்கள் ரோசா இதோ" என்று என்னைக் காட்டினார். உங்கள் செத்தவீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்த அதே மனிதர். மண்டபமே எழுந்து எனக்குக் கைதட்டியது.

இந்த வேலை போனால் பெர்மெசோ புதுப்பிப்பது கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் எழும்பினேன். "அது நான் இல்லை. பாடியவர் இறந்துவிட்டார்" என்று இத்தாலியனில் சொல்லி, உங்கள் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

இன்று மகன் வந்தார், கண்காட்சிக்குக் கொப்பி வேண்டுமாம். வாசலில் நின்று "ரோசா" என்றார். நான் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். மூன்றாம் தரம், எழுத்தெழுத்தாகத் தடுமாறி, என் பெயரைச் சொன்னார்.

"அக்காவின் பெயரையும் இப்படியே பழகுங்கள்" என்றேன். "படத்தில் அதைப் போட்ட பிறகு தருகிறேன்."

கொப்பி என் கைப்பையில் இருக்கிறது.