வேதா கேட்ட ஆணம்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில். காவிரிப் பாலத்தில் நெரிசல். ஆபீசுக்குத் தாமதம், திட்டு.
வாங்க: பெருங்காயம், வேதாவுக்குச் செருப்பு.

சாப்பிடும்போது வேதா தட்டைத் தட்டினாள். "ஆணம் வேணும்!" அவள் அப்பா ரகுவின் கை அப்படியே நின்றது. பகலில் வேதாவைப் பார்த்துக்கொள்வது உறையூர் பாத்திமா அக்கா. முஸ்லிம் வீடுகளில் ஆணம் என்றால் கறிக் குழம்பு என்று யாரோ சொன்னார்களாம்.

"மூணு வயசுக் குழந்தைக்கு அந்தப் பாத்திமா என்னத்தை ஊட்டறாளோ! நாளைலேர்ந்து அனுப்பாதே. வேலையை விட்டுட்டு ஆத்துல இரு."

நான் ஏன்? அவர் இருக்கட்டுமே. குழந்தை என்றதும் என் வேலைதான் எல்லார் கண்ணையும் உறுத்துகிறது. விடமாட்டேன்.

உள்ளுக்குள் எனக்கும் சந்தேகம். அது வேறு எரிச்சல்.

ஜூன் 11, புதன்

அனுப்பினேன். உறையூர். வழக்கமாக ஸ்கூட்டரை அணைக்காமலே குழந்தையையும் சாப்பாட்டு டப்பாவையும் நீட்டிவிட்டு ஓடுவேன். இன்று இறங்கினேன். நேராகவே கேட்டேன். "அக்கா, வேதாவுக்கு என்ன ஆணம் குடுக்கறீங்க?"

பாத்திமா அக்கா சிரித்தார். "உங்க டப்பாவுல வர்றதுதாம்மா. குழம்போ ரசமோ, எங்களுக்கு எல்லாம் ஆணம்தான். 'ஆணம் ஊத்தட்டுமா'ன்னு கேப்பேன், புள்ள புடிச்சுக்கிச்சு." பிறகு முகம் மாறியது. "வேற எதுவும் ஊட்டுவேன்னு நினைச்சீங்களா?"

"ஆமாக்கா."

வேதா செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"கேட்டீங்கள்ல, போதும். நானும் ஒண்ணு கேக்கணும். ராத்திரி தூங்குச்சா, காலைல சாப்பிட்டுச்சா, எதுவுமே சொல்லாம போயிடறீங்க. புள்ள அழுதா நான் என்னன்னு பாக்கறது?"

சுருக்கென்றது. நியாயம்தான். இனி தினமும் இறங்குவேன். ஆபீஸில் திட்டினால் திட்டட்டும்.

ஜூன் 13, வெள்ளி

காற்று, புழுதி. பெருங்காயம் இன்றும் மறந்தாயிற்று. வேதாவுக்கு ராத்திரி இருமல். காலையில் அக்காவிடம் சொன்னேன். மாலை அவரே வாசலுக்கு வந்தார். "வெந்நி குடுத்தேன், இப்ப இருமல் இல்ல. உங்க வீட்டுல ரசத்துக்குச் சாத்தமுதுன்னு பேராமே? நானும் சொல்லிப் பாத்தேன், புள்ள சிரிக்குது!"

ரகுவிடம் எல்லாம் சொன்னேன். கறி இல்லை என்றதும் நிம்மதி. ஆனாலும் வீம்பு. "நம்மாத்துல ரசம்னுகூடச் சொல்லமாட்டோம். ஆணமாம்! வேற எடம் பாரு."

வேறு இடமா? நடக்காது. அதையும் சொல்லியாயிற்று.

தட்டு வைத்தேன். சாதத்தில் குழி செய்துகொண்டு காத்திருந்தார். கரண்டியை எடுத்தேன்.

"ஆணம் ஊத்தட்டுமா?"

வேதா தட்டை நீட்டினாள். அவருக்கும் பசி. நீட்டினார்.