எல்லோருக்கும் ஒரே படம்

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனையின் இணையதளத்தை இன்று திறந்துவிட்டோம். நோயாளி உள்ளே நுழைந்ததும் அவருடைய சர்க்கரை அளவுகளை எடுத்து என் ஜாவா நிரல் ஒரு வரைபடம் வரையும். ‘கிராஃப்’ என்ற பெயரில் அதை சர்வரில் சேமிக்கும். பக்கம் அதை எடுத்துக் காட்டும். எல்லோருக்கும் அந்த ஒரே பெயர்தான். சேமிக்காமல், கேட்டவருக்கே நேராக அனுப்பலாம். அதற்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும். மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயரே ‘சாயங்காலத்துக்குள்ள’. சாயங்காலத்துக்குள் முடித்தேன்.

கேக் வெட்டினார்கள். அதன்மேல் க்ரீமில் ஏறுமுகமாக ஒரு கோடு. சர்க்கரை ஏறுவதற்கா கொண்டாட்டம்? கேட்க ஆளில்லை.

மார்ச் 5

நிரலைச் சோதிக்கும் டெஸ்டர் அக்காவின் புகார்: “எப்பவாவது வேற யாரோட படமோ வருது.” எப்பவாவதாம்! தனியாக உட்கார்ந்து நாற்பது முறை அழுத்தினேன். நாற்பதும் சரி. ‘என் கணினியில் சரியாக வருகிறது’ என்று எழுதிப் புகாரை மூடினேன். அக்கா திறந்தார். நான் மூடினேன். அக்கா திறந்தார்.

மார்ச் 7

அக்கா மேஜைக்கே வந்துவிட்டார். “தனியா பாத்தா சரியாத்தான்பா வரும். ரெண்டு பேரு ஒரே நேரத்துல திறந்து பாரு.”

“சாப்பிட்டு வந்து பாக்கலாம்க்கா.”

சாப்பிட்டேன்.

மார்ச் 11

அப்பாவுக்கும் அதே மருத்துவமனைதான். போனில் ஒரே குஷி. “சர்க்கரை இறங்கிடுச்சுடா! கோடு சறுக்குமரம் மாதிரி வருது.” நல்லதுப்பா என்று வைத்துவிட்டேன். வேலை தலைக்குமேல்.

மார்ச் 14, வெள்ளி

அம்மா போனில் அழுதாள். “மயங்கி விழுந்துட்டாருடா. படத்தைப் பாத்துட்டு இன்சுலின் ஊசியைப் பாதியா குறைச்சிருக்காரு. எங்கிட்டகூட சொல்லல.”

வார்டில் நர்ஸ் சொன்ன அளவு நானூற்றுப் பன்னிரண்டு.

அப்போ அந்த இறங்கின கோடு யாரோடது? அதே நொடியில உள்ள வந்த யாரோ ஒருத்தரோடது. அவர் படம் அப்பா படத்துமேல போய் உக்காந்திருக்கு. ஒரே பேரு. எனக்கு இது முதல் நாளே தெரியும்ல? தெரிஞ்சுதானே செஞ்சேன்!

அப்பா கண் திறந்து சொன்னது ஒன்றுதான். “நீ போட்டதுன்னுதான்டா நம்பினேன்.”

மார்ச் 15

தளத்தை நிறுத்தினேன். “யாருக்கும் தெரிய வேணாம், சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுங்க” என்றார் மேனேஜர். முடியாது என்றேன். மருத்துவமனைக்கு நானே போன் செய்து, ஒவ்வொரு நோயாளியையும் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அப்பாவின் ஏறுகிற கோட்டைப் பார்த்து யாராவது ஊசியைக் கூட்டியிருந்தால்?

அக்காவும் நானும் இரண்டு கணினிகளில், ஒன்று இரண்டு மூன்று எண்ணி, ஒன்றாக அழுத்தினோம். மூன்றாவது முறையே அவர் திரையில் எனக்கு வரவேண்டிய படம். அக்கா அதைப் புகாரில் சேர்த்தார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

விழுந்தது வேறு யாருடைய அப்பாவாவதாக இருந்திருந்தால்? புகாரை இன்னொரு தடவை மூடியிருப்பேன், வேறென்ன.

மார்ச் 18

இப்போது எதையும் சேமிப்பதில்லை. வரைந்த கையோடு கேட்டவருக்கே போகிறது. சரியாக இரண்டு நாள் வேலை. புகாரை மூடும் உரிமை இனி அக்காவுக்கு மட்டும். ஊசியைக் கூட்டியவர் யாருமில்லை என்று மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். கழிவறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 21

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். என் கைபேசியில் படத்தைத் திறந்து நீட்டினேன்.

“இது என்னோடதுதானா?”

“ஆமாப்பா.”

தலையாட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்தார். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து, படத்தோடு ஒத்துப் பார்க்கத் தொடங்கினார்.