உன் பேர் எழுதிய மட்டிச்சிப்பி

இன்று காலை பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டதும் முதலில் உன் சிப்பிதான் வந்தது. பழவேற்காடு ஏரியில் நீ பொறுக்கி வந்த மட்டிச்சிப்பி. உள்பக்கம் உன் கையெழுத்தில் உன் பேர். எத்தனை முறை கழுவினாலும் சேற்று வாடை போக மாட்டேன் என்கிறது. ஆய்வகத்தில் எல்லாரும் பார்க்க, அதை மூக்கருகே வைத்து முகர்ந்தேன்.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு அடங்கிய பிறகும் ஏன் திரும்பி வருகிறது, எலும்பு மஜ்ஜைக்குள் எந்தச் செல்கள் எங்கே தூங்குவதுபோல் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் உன் கேள்வி. ஆயுசு முழுக்க அந்த ஒரே கேள்வி! உன் ஊருக்கு முதன்முதலாக என்னைக் கூட்டிப்போனபோது, டச்சுக்காரர் கல்லறை வாசலில் செதுக்கியிருந்த எலும்புக்கூட்டைக் காட்டினாய். "நான் பாத்த மொத எலும்பு இதாம்மே. உள்ள இன்னா இருக்குனு அப்பவே கேட்டேன். நைனா அடிக்க வந்துச்சு" என்று சிரித்தாய்.

நீ பள்ளியில் படிக்கும்போதே உன் அப்பா, அந்த நைனா, போய்ச் சேர்ந்துவிட்டார். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று உங்கள் ஊரில் குலுக்கிப் போட்டு முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். நைனா போன பிறகும் அவர் பாட்டை ஊர் எடுத்துவிடவில்லை. சித்தப்பா அவர் பேரில் வலை போட்டு, மீனை உங்கள் வீட்டில் கொண்டுவந்து கொட்டினார். அந்த மீனில்தான் நீ படித்தாய்.

செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கு முன்னால் ஓடவிட்டு இனம் பிரிக்கும் இயந்திரம் நம்மிடம் ஒன்றே ஒன்று. அதற்காக நடந்த சண்டை கொஞ்சமா நஞ்சமா! நீ ஆய்வகத் தலைவி ஆனதும் பிஸ்கட் டப்பாவையும் ஆளுக்கொரு பேர் எழுதிய சிப்பிகளையும் கொண்டுவந்து வைத்து, "இனிமே பாடுதான்" என்றாய். திங்கள்தோறும் குலுக்கல். சிப்பி வரும் வரிசையில் ஆளுக்கு ஒரு நாள். உனக்கும் ஒரே சிப்பிதான்.

நோய் திரும்பிய ஒரு குழந்தையின் மஜ்ஜை, சிகிச்சைக்கு எடுத்ததுபோக மிச்சம், திடீரென்று நம்மிடம் வந்தது. வருஷக்கணக்காக நீ காத்திருந்தது அதற்குத்தான். சாயங்காலத்துக்குள் செல்கள் செத்துவிடும். உறைய வைத்தால் உன் கேள்விக்குப் பதில் சொல்லாது. அன்றைக்குப் பாடு, புதிதாகச் சேர்ந்த கலாவுடையது.

நான் கத்தினேன். "பைத்தியமா உனக்கு? அந்தப் பொண்ணே குடுத்துடறேங்குது, வாங்கிக்கோயேன்!"

"பயந்துகினு குடுக்குதும்மே. அத்த நான் வாங்க மாட்டேன்" என்றாய். "நைனா செத்தப்ப எங்க அம்மாகிட்ட எவனாச்சும் இப்படி வாங்கியிருந்தா, நான் இங்க நிப்பனா?"

கலா தன் வேலையை முடித்து எழுந்தபோது இருட்டிவிட்டது. நீ கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாய். ஒரு செல்லும் உயிரோடு இல்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். எனக்குக் கேட்டது.

அப்படி இன்னொரு மஜ்ஜை கிடைப்பதற்குள் வேறு நாட்டில் ஒரு குழு உன் கேள்விக்கான பதிலைக் கண்டுபிடித்து எழுதிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. நீ அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்துவிட்டு, "நல்லா வலை போட்டிருக்காங்க. ஒளிஞ்ச இடம் தெரிஞ்சிடுச்சு, இனி எழுப்பறது எப்படினு பாக்கலாம்" என்று வெள்ளை அங்கியை மாட்டினாய். தூங்கும் செல்களை எழுப்பி மருந்தில் சிக்கவைக்க அப்படித் தொடங்கியதுதான் உன் வேலைகளிலேயே உயர்ந்த வேலை. பொறாமை இல்லாத மனசு ஒரு விஞ்ஞானிக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்கு உன்னைப் பார்த்துத்தான் தெரியும்.

போன வருஷம் மாரடைப்பில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். அடுத்த திங்களன்று உன் சிப்பியை வெளியே எடுத்து வைக்கப் போனேன். கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா பாடு இருக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாள் உன்னுடையது. அதில் யாரும் முன்கூட்டி வேலை வைத்துக்கொள்வதில்லை. முன்னறிவிப்பில்லாமல் வரும் மஜ்ஜைக்காக அன்று இயந்திரம் காலியாகக் காத்திருக்கும். பல வாரம் ஒன்றும் வராது.

இன்று உன் நாள். மஜ்ஜை வந்தது. மருத்துவமனைப் பையன் ஐஸ் பெட்டியை வைத்துவிட்டு, "யார் பேர்ல எழுதிக்கட்டும் மேடம்?" என்று கேட்டான்.

உன் பேரைச் சொன்னேன். செல்கள் எல்லாம் உயிரோடு இருந்தன.